பற்றீரியாக்களின் அமைப்பும் பாகுபாடும்: கமக்காரருக்கு ஒரு பாடம்



காய்க்கத் தொடங்கிய தக்காளித் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். காலையிற் செழிப்பாக நின்ற செடியொன்று மதிய வெயிலில் தலை சாய்க்கின்றது. அந்தியில் மீண்டும் நிமிர்கின்றது. இரண்டு மூன்று நாட்கள் இவ்வாறு வாடியும் நிமிர்ந்தும் நின்று, பின்னர் இலை மஞ்சளாகுமுன்னரே பச்சையாக வாடி மடிகின்றது. தோட்டக்காரர் தண்ணீர் போதவில்லையென்று கருதி வாய்க்காலைத் திறந்து விடுகின்றார். அடுத்த கிழமை அவ்வாய்க்காலின் வழியே கீழேயுள்ள செடிகளும் ஒவ்வொன்றாக வாடுகின்றன. பின்பு கடையிற் பங்கசு நாசினி வாங்கித் தெளிக்கின்றார். பணம் செலவாகின்றது, வாடல் நின்றபாடில்லை. அடுத்த போகத்தில் அதே நிலத்திற் கத்தரி நடுகின்றார். கத்தரியும் வாடுகின்றது.

இவர் உழைப்பிலே குறைந்தவரல்லர். தமது பயிரைத் தாக்கியது எவ்வகை உயிர், அதன் உடம்பு எத்தகையது என்பதை அறியாமையால் மூன்று முறையும் அதற்கு உதவியே செய்துவிட்டார். அவ்வுயிர் பற்றீரியா. அதன் அமைப்பையும் வகைகளையும் பற்றிப் பள்ளிக்கூட மாணவர் படிக்கும் பாடத்தை, வயலுக்கும் தோட்டத்துக்கும் பயன்படும் முறையில் இங்கு எடுத்துக் கூறுவோம். உங்கள் நிலத்துக்கு நன்மை செய்யும் பற்றீரியாக்களும் பல உண்டாகையால், அவற்றைப் பேணும் வழியையும் இப்பாடத்தால் அறியலாம்.

பற்றீரியா என்பது யாது?

நெற்பயிரின் உடம்பு எண்ணிறந்த கலங்களால் ஆனது. வேரிலுள்ள கலம் நீரை உறிஞ்சும். இலையிலுள்ள கலம் உணவு செய்யும். பற்றீரியாவுக்கோ ஒரு கலமே முழு உடம்பு. உண்பதும் மூச்சு விடுவதும் பெருகுவதும் அந்த ஒரு கலத்தின் வேலையே.

அதன் பருமன் மிகச் சிறிது. பெரும்பாலானவற்றின் நீளம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கோ இரு பங்கோ ஆகும். அவற்றை நீளப்பாட்டில் வரிசையாக நிறுத்தினால், ஒரு மில்லிமீற்றர் இடத்தில் 500 முதல் 1,000 வரை நிற்கும். ஆகவே இவற்றைக் கண்ணாற் காண இயலாது, நுணுக்குக்காட்டி வேண்டும். வளமான தோட்ட மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதிற் பல கோடி பற்றீரியாக்கள் இருக்கும்.

ஒல்லாந்து தேசத்திலே தெல்பற் நகரில் வாழ்ந்த துணி வணிகரான அந்தோனி வான் லீவன்ஹூக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த வில்லைகளால் 1676ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டார். அவர் அப்பொழுது ஆராய்ந்தது நம் நாடுகளிலிருந்து சென்ற மிளகையே. மிளகு ஏன் காரமாக இருக்கின்றது என்று அறிய விரும்பி, அதை நீரில் ஊறவைத்துப் பார்த்தபோது, அந்நீரில் மிக நுண்ணிய உயிர்கள் அசைவதைக் கண்டு வியந்தார்.

பற்றீரியாவைப் பங்கசோடும் வைரசோடும் மயங்குதல் கூடாது. பங்கசு பெரும்பாலும் நூல்போல் வளர்வது. அந்நூல் இலையின் தோலைத் துளைத்து உட்புகவும் வல்லது. வைரசு ஒரு கலமும் அன்று. உயிருள்ள கலத்துக்குள்ளே மாத்திரம் பெருகுவது. பயிர்களில் அதனைப் பெரும்பாலும் பூச்சிகளே பரப்புகின்றன. பற்றீரியா ஒரு முழுமையான கலம். ஆயினும் தோலைத் துளைக்கும் வலிமை அதற்கில்லை. காயமோ இயற்கையான துவாரமோ இருந்தாலன்றிப் பயிருக்குள் நுழையாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டாலே நோய்த்தடுப்பின் பாதி விளங்கிவிடும். காயத்தைத் தவிர்ப்பவர் பற்றீரியாவின் வாசலை அடைக்கின்றார்.

உடலின் பகுதிகள்

1. கலச்சுவர். பற்றீரியாவின் உடம்பைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்றுண்டு. வெல்லச் சங்கிலிகளைப் புரதத் துண்டுகள் குறுக்கே பிணைத்த வலை போன்றது அச்சுவர். உருவத்தைக் காப்பதும், உள்ளே புகும் நீரால் உடம்பு வெடித்துவிடாது தடுப்பதும் அதன் தொழில். பங்கசின் சுவர் வேறு பொருள்களால் ஆனது. அதன் உடலியக்கமும் வேறு. பங்கசைக் கொல்லவென ஆக்கிய மருந்து பற்றீரியாவைப் பெரும்பாலும் கொல்லாதிருப்பதற்கு இவ்வேறுபாடுகளே காரணம்.

2. கலமென்சவ்வு. சுவருக்கு உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்றுண்டு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்பதை அதுவே தீர்மானிக்கும். செம்பு கலந்த மருந்துகள் இச்சவ்வையும் கலத்திலுள்ள புரதங்களையும் கெடுக்கின்றன. ஆனால் தெளித்த செம்பு இலையின் மேற்புறத்திலேயே தங்கும். தண்டின் குழாய்க்குள் இருக்கும் பற்றீரியாவை அது சென்றடையாது.

3. குழியவுருவும் பரம்பரைப் பொருளும். சவ்வுக்குள்ளே பாகு போன்ற குழியவுரு நிறைந்துள்ளது. நம் உடலின் கலத்திலும் பயிரின் கலத்திலும் பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. கரு என்னும் பைக்குள் அடங்கியிருக்கும். பற்றீரியாவில் அத்தகைய பை இல்லை, டீ.என்.ஏ. இழை சுருண்டு குழியவுருவில் வெறுமனே கிடக்கும். பற்றீரியாவைப் பிற உயிர்களிலிருந்து பிரித்தறியும் தலையாய அடையாளம் இதுவே. இவ்விழையையன்றிச் சிறு வளையங்கள் சிலவும் பல பற்றீரியாக்களில் உண்டு. ஒரு பற்றீரியா தன் வளையத்தின் பிரதியை மற்றொன்றுக்குக் கொடுக்கவல்லது. செம்பு மருந்தையோ நுண்ணுயிர்க்கொல்லியையோ தாங்கும் ஆற்றல் பல வேளைகளில் இவ்வளையத்திலேயே உள்ளது. ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளித்தால், தாங்கும் ஆற்றலுடையவை மிஞ்சி, அவ்வாற்றலை மற்றவற்றுக்கும் கைமாற்றிவிடும்.

4. கூழுறை. பல பற்றீரியாக்கள் தம் சுவருக்கு வெளியே வழுவழுப்பான கூழைச் சுரந்து போர்த்துக்கொள்ளும். உலர்தலிலிருந்து காப்பது அதன் வேலை. வாடல் நோயை உண்டாக்கும் பற்றீரியா தண்டின் நீர்க்குழாய்களுட் பெருகி, அங்கே இக்கூழை மிகுதியாகச் சுரக்கின்றது. குழாய்கள் அடைபடுகின்றன. காலடியில் தண்ணீர் நிறைந்திருந்தும் செடி தாகத்தால் வாடுவது இதனாலேயே. இங்கு தண்ணீர் விடுதல் மருந்தாகாது.

5. சவுக்குமுளை. சவுக்கின் நுனிபோல் நீண்ட இழைகள் சில பற்றீரியாக்களின் உடலில் உண்டு. அவற்றைச் சுழற்றி நீரில் நீந்தும். ஆயினும் அவை தாமே நீந்தும் தூரம் மிகக் குறைவு. ஈர மண்ணில் வேரைத் தேடிச் செல்லவும், இலையின்மேல் உள்ள பனிநீரிற் துவாரத்தை நாடவும் அது போதும். தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அவற்றைக் கொண்டு செல்பவை வாய்க்கால் நீர், மழைத்துளியின் தெறிப்பு, மண்வெட்டியிலும் காலிலும் ஒட்டிய சேறு, நோயுற்ற நாற்று, விதைக்கிழங்கு ஆகியனவே.

6. அகவித்தி. பசிலசு, குளோசுத்திரிடியம் முதலிய சில சாதிகள் உணவு அருகியபோது தம் உடம்பினுள்ளே தடித்த உறையுடைய வித்தி ஒன்றை ஆக்கிக்கொள்ளும். அவ்வித்தி வெயிலையும் வரட்சியையும் கொதிநீரையும்கூடத் தாங்கி நெடுங்காலம் கிடக்கும். புழுக்களைக் கொல்லப் பயன்படும் பசிலசு துரிஞ்சியென்சிசு என்பதைத் தூளாக்கிக் கடையில் விற்க முடிவது அது வித்தி ஆக்குவதனாலேயே. ஆனால் நம் பயிர்களை அழிக்கும் முக்கியமான பற்றீரியாக்களுக்கு அகவித்தி இல்லை. எனவே வெயிலும் உலர்தலும் சூடும் அவற்றுக்குப் பகை. கோவாவின் கருமையழுகலை உண்டாக்கும் பற்றீரியா விதையோடு வருவது, அவ்விதையை 50 பாகை செல்சியசு சூடான நீரில் 25 நிமிடம் வைத்தெடுத்து உடனே குளிரச் செய்து உலர்த்தினால், பற்றீரியாவின் பெரும்பகுதி மடியும், விதை பிழைக்கும். வெப்பமானி கொண்டு அளந்தே இதைச் செய்தல் வேண்டும். சூடு மிகுந்தால் விதையும் முளையாது.

பெருகும் முறை

பற்றீரியா தன்னைத்தானே இரண்டாகப் பிளந்துகொண்டு பெருகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். உணவும் ஈரமும் சூடும் ஏற்றவாறு அமைந்தாற் சில இனங்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிளக்கின்றன. அந்த அளவில் ஒரு பற்றீரியா பத்து மணித்தியாலத்தில் நூறு கோடிக்கு மேற்படும். பயிர்நோய்ப் பற்றீரியாக்கள் இவ்வளவு விரைந்து பெருகுவதில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிளப்பதாகக் கொண்டாலும், ஒரு நாளில் ஒன்று 256 ஆகும். இரண்டு நாளில் 65,536 ஆகும். வாடிய முதற் செடியை இன்றே பிடுங்குவதற்கும் நாலு நாள் கழித்துப் பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இக்கணக்கிலே தெரியும்.

பாகுபாடு

எண்ணிறந்த பற்றீரியாக்களை அறிஞர் பல முறைகளில் வகுத்துள்ளனர். கமக்காரருக்கு வேண்டிய ஐந்து முறைகளை மாத்திரம் இங்கு கூறுவோம்.

முதலாவது, உருவத்தாற் பிரித்தல். பேர்டினந்து கோன் என்னும் சேர்மானிய அறிஞர் 1872ஆம் ஆண்டில் உருவத்தை அடிப்படையாகக் கொண்டு வகுத்தார். உருண்டையானவை கோளவுரு, கோல் போன்றவை கோலுரு, முறுக்கிய திருகு போன்றவை சுருளியுரு. இவற்றையன்றிக் கிளைத்த நூல் போன்றவையும் உண்டு. மழை பெய்தவுடன் எழும் மண்வாசனை பெரும்பாலும் இந்நூலுருக்களால் உண்டாவது. உருளைக்கிழங்கிற் சொறிநோயை உண்டாக்கும் இசுத்திரெத்தோமைசீசு என்பதும் இவ்வகையினதே. பார்வைக்குப் பங்கசு போன்றிருப்பினும் அது பற்றீரியாவே. உருவத்தைக் கொண்டு நல்லது கெட்டது என்று கூற இயலாது. பயற்றுக்கு நைதரசன் ஊட்டும் நண்பனும் கோலுரு. நெல்லின் இலையை எரிக்கும் பகைவனும் கோலுருவே.

இரண்டாவது, சாயத்தாற் பிரித்தல். தென்மார்க்கு நாட்டவரான கிறித்தியன் கிராம் 1884ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். பற்றீரியாவுக்கு ஊதாச் சாயமும் அயடீனும் ஊட்டி மதுசாரத்தாற் கழுவினால், தடித்த சுவருடையவை ஊதா நிறத்தை விடாது பிடித்துக்கொள்ளும். இவை கிராம் நேர் எனப்படும். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே மற்றொரு சவ்வும் உடையவை நிறத்தை இழந்து, பின்பு ஊட்டும் சிவப்புச் சாயத்தை ஏற்கும். இவை கிராம் எதிர் எனப்படும். பயிர்நோய் உண்டாக்கும் பற்றீரியாக்களிற் பெரும்பாலானவை கிராம் எதிர்க் கோலுருக்களே. அவற்றின் வெளிச்சவ்வு பல மருந்துகள் உட்புகாது தடுக்கின்றது. சுவரே இல்லாத சிற்றுயிர்களும் சில உண்டு. பைற்றோபிளாசுமா எனப்படும் அவை இலைத் தத்திகளாற் பரவிக் கத்தரியில் இலைகளைச் சிறுத்துப்போகச் செய்கின்றன. அங்கே செடியை அகற்றுவதோடு தத்தியையும் கட்டுப்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, காற்றின் தேவையாற் பிரித்தல். ஒட்சிசன் இன்றி வாழாதவை ஒரு வகை. ஒட்சிசன் பட்டால் வாழாதவை மற்றொரு வகை. இரண்டு நிலையிலும் வாழ்பவை மூன்றாம் வகை. உருளைக்கிழங்கையும் கரற்றையும் கூழாக்கி நாற்றமெடுக்கச் செய்யும் மென்னழுகற் பற்றீரியா மூன்றாம் வகையினது. கிழங்கை ஈரத்தோடு சாக்கிற் கட்டிக் காற்றோட்டமின்றி அடுக்கினால் கிழங்கு மூச்சடைத்துத் தளர்கின்றது, அப்பற்றீரியாவோ தளர்வதில்லை. காயம்பட்ட கிழங்கைப் பொறுக்கி நீக்கி, உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்வது இதனாலேதான்.

நான்காவது, உணவு தேடும் முறையாற் பிரித்தல். பிற உயிர்களின் உடலிலோ மக்கிய பொருளிலோ உணவு பெறுபவை பல. கூட்டெருக் குவியலைச் சூடேற்றுபவை இவையே. ஞாயிற்றொளியால் உணவு செய்பவையும் உண்டு. நெல்வயலில் நீலப்பச்சையாகப் படரும், அல்கா என்று நாம் அழைக்கும் பொருள் உண்மையிற் பற்றீரியாவே. அதிற் பல இனங்கள் காற்றிலுள்ள நைதரசனையும் பிடித்து வயலுக்குத் தருகின்றன. அமோனியா போன்ற உப்புக்களை மாற்றி அதிலிருந்து பலம் பெறுபவையும் உண்டு.

ஐந்தாவது, உறவுமுறையாற் பிரித்தல். டீ.என்.ஏ. முதலிய பரம்பரைப் பொருள்களை ஒப்பிட்டு, எது எதற்கு உறவென்று இக்காலத்தில் வகுக்கின்றனர். 1977ஆம் ஆண்டில் காள் வோசும் சோர்சு பொக்சும் இவ்வாறு ஆராய்ந்து, பற்றீரியாவென்று முன்பு எண்ணப்பட்ட ஒரு கூட்டம் உறவில் மிக வேறானதென்று காட்டினர். ஆக்கியா எனப்படும் அக்கூட்டத்திற் சில நம் நெல்வயற் சேற்றிலே வாழ்ந்து மெதேன் வாயுவை ஆக்குகின்றன. சேற்றில் மிதிக்கும்போது எழும் குமிழிகளில் அவ்வாயு உண்டு.

ஒவ்வொரு பற்றீரியாவுக்கும் சாதிப்பெயர், இனப்பெயர் என இரு பெயர்கள் உண்டு. ஆராய்ச்சி வளர வளரப் பெயரும் மாறும். தக்காளியின் வாடற் பற்றீரியாவை அமெரிக்க அறிஞர் எர்வின் சிமிது 1896ஆம் ஆண்டில் விவரித்தபோது பசிலசு என்ற சாதியிற் சேர்த்தார். பின்னர் அது நெடுங்காலம் சூடோமோனாசு எனப்பட்டது. 1995ஆம் ஆண்டு முதல் இரல்சுத்தோனியா என்ற சாதியில் வைக்கப்பட்டுள்ளது. பழைய பிரசுரங்களில் வேறு பெயரைக் கண்டால் வேறு நோயென்று மயங்க வேண்டாம்.

வயலில் இருவகையும்

இப்பாகுபாட்டைக் கொண்டு நெல்வயலைப் பார்ப்போம். நீங்கள் இடும் யூரியாவை அமோனியமாக்குவது மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் முதலியவற்றின் நொதியமே. காற்றுப்படும் மண்ணில் நைத்திரசோமோனாசு, நைத்திரோபற்றர் முதலிய சாதிகள் அவ்வமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும். மீண்டும் வெள்ளம் கட்டினாற் காற்றில்லாச் சேற்றில் வாழவல்ல வேறு பற்றீரியாக்கள் அந்நைத்திரேற்றைக் குலைத்து நைதரசன் வாயுவாக்கிவிடும். பசளைக்குக் கொடுத்த பணம் காற்றோடு போய்விடும். பசளையிட்ட உடனே வயலைக் காயவிட்டு மீண்டும் நிறைப்பது இவ்விரு கூட்டத்துக்கும் மாறி மாறி விருந்து வைப்பது போன்றது. வயலில் நீரைக் குறைத்து, யூரியாவை இட்டுச் சேற்றோடு கலக்கச் செய்து, பின் நீரை ஒரே மட்டத்தில் வைத்திருந்தால் இழப்புக் குறையும்.

பயறு, உழுந்து, கௌபி, நிலக்கடலை, சோயா அவரை ஆகியவற்றின் வேரிற் காணும் சிறுகணுக்களில் இறைசோபியமும் அதன் உறவினங்களும் வாழ்கின்றன. 1888ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான பெய்யரிங்கு இப்பற்றீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். கணுவைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கின்றது. விரலாற் தட்ட எளிதிற் கழன்று வருவது இக்கணு. வேரே வீங்கி முடிச்சாகிக் கழலாதிருந்தால் அது வேர்முடிச்சு வட்டப்புழுவின் வேலை. விதையோடு கலக்கும் இறைசோபியம் உயிருள்ள பொருள். அதற்கு அகவித்தி இல்லை. நிழலிற் கலந்து, வெயில் ஏறுமுன் விதைத்து, உடனே மண்ணால் மூடுங்கள்.

இனி நெல்லின் பகைவன். பற்றீரியா இலை வெளிறல் நோயை 1884ஆம் ஆண்டில் யப்பானின் புக்குவோக்காப் பகுதியிற் கமக்காரரே முதன்முதற் கண்டனர். இலை நுனியிலிருந்து விளிம்பு வழியே மஞ்சட் கோடு அலையலையாக இறங்கிப் பின் வைக்கோல் நிறமாகக் காயும். அதிகாலையில் இலையிற் பால்போன்ற துளிகள் காணப்படலாம். சாந்தோமோனாசு ஒரைசே எனப்படும் இப்பற்றீரியா இலை விளிம்பிலுள்ள நீர்த்துவாரங்களாலும் காயங்களாலும் நுழையும். ஆகவே நாற்று நடும்போது நுனியைக் கிள்ளாதீர்கள். நைதரசன் பசளையை அளவுக்கு மேல் இடாதீர்கள். நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய விடாதீர்கள். அறுவடையின் பின் தாள்க்கட்டையையும் தானாக முளைத்த நெல்லையும் வரம்பிலுள்ள புல்லினக் களைகளையும் அழியுங்கள். அடுத்த போகத்தில் எதிர்ப்புள்ள இனத்தைத் தெரிவு செய்யுங்கள்.

தம்ளர்ச் சோதனை

வாடிய செடியில் இருப்பது பற்றீரியாவா என்பதை நுணுக்குக்காட்டியின்றியே நீங்கள் அறியலாம். புதிதாக வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குல நீளத் துண்டொன்றைக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். கண்ணாடித் தம்ளரிற் தெளிந்த நீரை நிரப்பி, துண்டின் ஒரு முனை நீரைத் தொட்டு அமிழும்படி பிடியுங்கள், ஆட்டாதீர்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்புகை போன்ற பால்நூல் கீழ்நோக்கி இறங்கினால் அது பற்றீரியா வாடலே. அந்நூலில் இருப்பவை கூழோடு கூடிய எண்ணிறந்த பற்றீரியாக்கள். நூல் இறங்காவிடில் பங்கசு வாடல், வேரழுகல், வட்டப்புழு, நீர்க்குறைவு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். நல்ல செடியின் துண்டொன்றையும் வேறு தம்ளரில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயம் நீங்கும். சோதனை முடிந்ததும் நீரைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ ஊற்றாது கொதிக்கவைத்து ஊற்றுங்கள். கத்தியையும் நெருப்பிற் காட்டுங்கள்.

பால்நூல் கண்டாற் செய்யவேண்டியவை

அச்செடியைக் காப்பாற்றும் மருந்து எதுவுமில்லை. மற்றச் செடிகளைக் காப்பாற்றலாம்.

1. நோயுற்ற செடியை வேரோடும் அதனைச் சூழ்ந்த மண்ணோடும் எடுத்துச் சாக்கிலிட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். கூட்டெருக் குழியிற் போடாதீர்கள்.

2. அவ்விடத்தின் வழியே நீர் பாய்வதை நிறுத்துங்கள். நோயற்ற பகுதிக்கு முதலில் நீர் இறைத்து, நோய்ப்பகுதிக்கு இறுதியில் வாளியால் ஊற்றுங்கள்.

3. வேலையையும் நல்ல பகுதியிலே தொடங்கி நோய்ப்பகுதியில் முடியுங்கள். மண்வெட்டியைச் சேறு போகக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து அதிற் தோயுங்கள்.

4. வேர் அறுபடும்படி செடியின் அடியிற் கொத்தாதீர்கள். வட்டப்புழுவையும் கட்டுப்படுத்துங்கள், அது குத்திய காயமும் வாசலாகும்.

5. அந்நிலத்திற் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி, நிலக்கடலை ஆகியவற்றைச் சில ஆண்டுகளுக்குச் செய்யாதீர்கள். இப்பற்றீரியா 200க்கு மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கவல்லது, களைகளிலும் ஒளிந்திருக்கும். களையை அகற்றி நெல், சோளம் போன்றவற்றைச் செய்யுங்கள். வெள்ளம் கட்டிய நெற்செய்கையால் இதன் தொகை வெகுவாகக் குறையும். நெல் செய்ய இயலாத மேட்டுநிலமாயின் வெய்யிற் காலத்தில் நன்றாக உழுது புரட்டிக் காயவிடுங்கள்.

6. நாற்றையும் விதைக்கிழங்கையும் நோயற்ற இடத்திலிருந்தே பெறுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தோன்றும் கிழங்கிலும் பற்றீரியா மறைந்திருக்கலாம். ஆகவே கிழங்கின் தோற்றத்தைவிட அது விளைந்த தோட்டத்தின் வரலாற்றைக் கேட்டறிவதே மேல். கத்தரி செய்தேயாக வேண்டுமெனில், நோயைத் தாங்கும் சுண்டங்கத்தரியின் அடிக்கட்டையில் ஒட்டிய நாற்றை நாடுங்கள்.

முதலிற் கூறிய தோட்டக்காரரை மீண்டும் எண்ணிப் பாருங்கள். முதற்செடி வாடிய அன்றே அவர் ஒரு தம்ளர் தண்ணீரிற் சோதித்திருந்தால், வாய்க்காலைத் திறந்திருக்க மாட்டார். பங்கசு நாசினிக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார். அடுத்த போகத்திற் கத்தரியும் நட்டிருக்க மாட்டார். உங்கள் தோட்டத்திற் செடியொன்று பச்சையாக வாடக் கண்டால், அன்றே அதைச் சோதித்துப் பாருங்கள். ஐயமிருப்பின் வாடிய செடியை ஈரங்காயாதபடி பொலித்தீன் பையிற் கட்டி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அதுவரை வாய்க்காலின் வாயை அடைத்து வையுங்கள்.